ஹீலியோஸ் 44-2: நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் லென்ஸோடு எட்டு மாதம்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். ஆனால் இந்தப் பழைய சோவியத் லென்ஸைப் பற்றிப் பேசும் எல்லோரும் காட்டுகிற, ஆளுக்குப் பின்னால் இருப்பது சுழல்வது போலத் தெரியும் அந்தச் சுழல் பின்னணிக்காக மட்டும் வாங்காதீர்கள். அது எவ்வளவு கிடைக்கும் என்பது உங்கள் கேமராவைப் பொறுத்தது. அதைவிட நல்ல விஷயங்கள் இதில் இருக்கின்றன, அவற்றை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது சோனி ஏ6000. 2014இல் வந்த மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதோடு வந்த 16-50 கிட் லென்ஸை இரண்டு வருடம் வைத்திருந்தேன். கெட்ட லென்ஸ் இல்லை, ஆனால் வீட்டுக்குள் கொஞ்சம் வெளிச்சம் குறைந்தாலே திணறும். முகத்தை மட்டும் தனியாகப் பிரித்து எடுக்க வேண்டும் என்றால் பின்னணியும் கூடவே தெளிவாக வந்து நிற்கும். எடுக்கிற படமெல்லாம் போன் படம் மாதிரியே இருக்கிறது என்ற சலிப்பு. புதிதாக ஒரு நல்ல போர்ட்ரெய்ட் லென்ஸ் வாங்கலாம் என்று விலை பார்த்தால், நான் கேமரா பாடிக்குக் கொடுத்த காசையே திரும்பக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் கையால் ஃபோகஸ் செய்யும் பழைய மேனுவல் லென்ஸ் பக்கம் திரும்பினேன்.

முதல் முயற்சி சரியாக அமையவில்லை. ஆன்லைனில் ஒருவரிடம் வாங்கினேன், படங்களில் பளபளவென்று இருந்தது, 'மின்ட் கண்டிஷன்' என்று எழுதியிருந்தார். கைக்கு வந்ததும் பின்பக்கம் போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால் உள்ளே நடுக் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி ஃபங்கஸ். அவர் போட்டிருந்த படங்கள் எல்லாமே லென்ஸை மேலிருந்து எடுத்தவை, கண்ணாடிக்குள் ஒளி போகிற மாதிரி ஒன்றுகூட இல்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். மூவாயிரம் ரூபாய் போனது. அதனால் பழைய லென்ஸ் வாங்குகிற யாருக்கும் நான் சொல்கிற முதல் வார்த்தை இதுதான்: அபெர்ச்சரை, அதாவது உள்ளே ஒளி போகும் துளையை, முழுசாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் வழியாக எடுத்த படத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். லேசான தூசு படத்தில் தெரியவே தெரியாது, அதற்குப் பயப்பட வேண்டாம். ஃபங்கஸும், பால் கலந்த மாதிரி மங்கலான படலமும்தான் பிரச்சினை.

இரண்டாவது லென்ஸ் கும்பகோணத்திலேயே கிடைத்தது. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய ஸ்டுடியோ. இப்போது பாஸ்போர்ட் சைஸ் படமும் லேமினேஷனும் ஜெராக்ஸும்தான் ஓடுகிறது. ஒரு நாள் ஆதார் ஜெராக்ஸ் எடுக்கப் போனபோது கண்ணாடி அலமாரியில் ஒரு ஜெனிட்-இ கேமரா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். முகப்பில் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் வளையங்கள் பொறித்த மாடல், அதன் மூக்கில் ஹீலியோஸ்.

"ஐயா, இது விலைக்குத் தருவீங்களா?"

"அதை வச்சு என்ன தம்பி செய்யப்போறீங்க? ஃபிலிம் போட்டாலும் கழுவுறதுக்கு ஆள் இல்ல."

லென்ஸை மட்டும் டிஜிட்டல் கேமராவில் மாட்டப்போகிறேன் என்றதும் அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. அலமாரியைத் திறந்து, வேட்டி நுனியால் துடைத்து, கையில் கொடுத்தார். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓரத்தில் கொஞ்சம் தூசு, மற்றபடி சுத்தம். அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் கசிந்திருந்தது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பாடியும் சேர்த்து 4,500 ரூபாய். அவர் சொன்னது ஐயாயிரம், நான் பேரம் பேசவில்லை, அவராகவே குறைத்துக்கொண்டார்.

இந்த லென்ஸின் கதை கொஞ்சம் தெரிந்தால் இது ஏன் இவ்வளவு மலிவு என்பது புரியும். மூலம் ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் ஜேனா செய்த பயோட்டார் 58 மி.மீ. எஃப் 2 (எஃப் எண் சிறிதாக இருந்தால் அபெர்ச்சர் பெரிதாகத் திறந்திருக்கிறது என்று அர்த்தம்). இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு சோவியத் யூனியன் அந்த வடிவமைப்பை எடுத்துக்கொண்டு மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னோகோர்ஸ்க் ஆலையில் ஹீலியோஸ் 44 என்ற பெயரில் செய்ய ஆரம்பித்தது. நான்கு தொகுதிகளாக ஆறு கண்ணாடிகள், அவ்வளவுதான் உள்ளே. பின்னால் வேறு ஆலைகளிலும், மின்ஸ்க்கில்கூட, செய்தார்கள். ஜெனிட் கேமராவோடு கூடவே விற்றதால் லட்சக்கணக்கில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அரிய பொருளாக இல்லாததால்தான் விலை ஏறவில்லை. வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் செய்த வருடம்; என்னுடையது 79இல் தொடங்குகிறது. பட்டகத்தின் வழியே ஒளிக்கதிர் போகிற மாதிரி ஒரு சின்னம் இருந்தால் அது கிராஸ்னோகோர்ஸ்க். அந்தச் சின்னத்துக்காகக் கூடுதல் காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள், கொடுக்காதீர்கள். நாற்பது வருடத்துக்கு மேல் கைமாறி வந்த பொருளில் எந்த ஆலை என்பதைவிட எப்படி வைத்திருந்தார்கள் என்பதுதான் முக்கியம்.

மாட்டுவது சுலபம். இது எம்42, அதாவது 42 மி.மீ. திருகு. மரை வைத்த பாட்டில் மூடி மாதிரி அடாப்டரில் திருகி, அடாப்டரைக் கேமராவில் மாட்ட வேண்டும். அடாப்டருக்கு 900 ரூபாய் ஆனது. அதற்குள் கண்ணாடி கிடையாது, வெறும் உலோக வளையம், லென்ஸைச் சென்சாரிலிருந்து சரியான தூரத்தில் நிறுத்துவது மட்டும்தான் வேலை. எம்42க்கு அந்தத் தூரம் 45.46 மி.மீ., உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத சோனி மிரர்லெஸ் கேமராவுக்கு 18, மீதியை அடாப்டர் நிரப்புகிறது. இதே கணக்கால்தான் அந்தக் கண்ணாடி உள்ள நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் ஏமாறுகிறார்கள். நிக்கானில் அந்தத் தூரம் 46.5, லென்ஸுக்குத் தேவையானதைவிட அதிகம், அதனால் சாதா அடாப்டர் போட்டால் தூரத்தில் இருக்கிற எதுவும் ஃபோகஸ் ஆகாது. நம் ஊரில் நிறைய பேர் கையில் இருப்பது நிக்கான் டி3000, டி5000 வரிசைதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: அவர்கள் இந்த லென்ஸை விட்டுவிட்டு ஒரு பழைய நிக்கான் 50 மி.மீ. ஏ.ஐ. லென்ஸைத் தேடுவது நல்லது, அடாப்டரே வேண்டாம், நேராக மாட்டலாம். ஆனால் அந்த பாடிகளில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வேலை செய்யாது, முழு மேனுவலில் வைத்து, எடுத்துப் பார்த்துத்தான் வெளிச்சத்தைச் சரிசெய்ய வேண்டும். கேனான் டிஎஸ்எல்ஆரில் தூரம் 44, எனவே சாதா அடாப்டரே போதும்.

மாட்டியதும் ஷட்டர் அமுங்காது. கேமரா லென்ஸே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். மெனுவில் 'ரிலீஸ் வித்அவுட் லென்ஸ்' என்பதை இயக்க வேண்டும், ஃபியூஜியில் 'ஷூட் வித்அவுட் லென்ஸ்'. பாடியிலேயே கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷன் உள்ள கேமரா என்றால் அங்கே 58 என்று குறிக்க வேண்டும். அபெர்ச்சரை மட்டும் நாம் வைக்கும் ஏ மோடில் வைத்தால் மீட்டர் சரியாகவே வேலை செய்கிறது, ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஏ6000இல் ஸ்டெபிலைசேஷன் கிடையாது, அதனால் ஷட்டர் வேகம் 1/125 வினாடிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். இதில் அபெர்ச்சருக்கு இரண்டு வளையங்கள். ஒன்று எண்கள் உள்ள வளையம், டிக் டிக்கென்று விழும், அதில் ஓர் எல்லையைக் குறித்து வைக்கிறோம். இன்னொன்று சத்தமில்லாமல் வழுக்கிச் சுழலும், எஃப் 2க்கும் நாம் குறித்த எல்லைக்கும் நடுவே மட்டும் போய் வரும். பழைய ஜெனிட்டில் முழுசாகத் திறந்து வெளிச்சமாக ஃபோகஸ் பார்த்துவிட்டு, கண்ணை எடுக்காமல் ஒரே திருப்பில் மூடி எடுப்பதற்காகச் செய்த ஏற்பாடு. மிரர்லெஸ்ஸில் இது வேறொரு இன்பம். எல்லையை 16இல் வைத்துவிட்டால் இரண்டாவது வளையம் முழுக்க உங்கள் கையில். திருப்பத் திருப்பப் பின்னணி கரைவதும் திரும்ப உருவம் பெறுவதும் வியூஃபைண்டரில் தண்ணீர் மாதிரி ஓடும். அபெர்ச்சர் என்றால் என்ன என்பதை எத்தனையோ வீடியோவில் பார்த்திருக்கிறேன், விரலில் அது புரிந்தது இந்த வளையத்தைத் திருப்பியபோதுதான். என் அண்ணன் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், அவளிடம் எதுவும் விளக்காமல் கேமராவைக் கொடுத்தேன், ஐந்து நிமிடத்தில், "சித்தப்பா, இத இப்படித் திருப்புனா பின்னாடி இருக்கிற செடி காணாமப் போகுது" என்றாள். இயந்திரத்தை இப்படித் தானாகவே பேசவிட்ட வடிவமைப்பாளர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

முன்பு சொன்ன எண்ணெய் விஷயம் இங்கேதான் வருகிறது. மற்ற பழைய லென்ஸ்களில் இதழ்களில் எண்ணெய் இருந்தால், ஷட்டர் அமுக்கும் கணத்தில் ஸ்பிரிங் அவற்றைச் சட்டென்று மூட முடியாமல் ஒட்டிக்கொள்ளும். ஆனால் 44-2இல் மூடுவது நம் கை, ஸ்பிரிங் இல்லை. அதனால் என் லென்ஸில் எண்ணெய் இருந்தும் எட்டு மாதமாக எந்தத் தொந்தரவும் இல்லை. பின்னால் வந்த 44எம்-4 போன்ற மாடல்கள் வேறு மாதிரி. அவற்றில் பின்பக்கம் ஒரு ஊசி உண்டு, அதை அமுக்கிப் பிடிக்கும் விளிம்பு உள்ள அடாப்டர் வாங்காவிட்டால் லென்ஸ் எப்போதும் முழுசாகத் திறந்தே இருக்கும். இதழ்களும் எட்டுக்குப் பதில் ஆறு. எனக்கு 44-2 தான் பிடித்திருக்கிறது.

ஃபோகஸ் பற்றி. கையால்தான், வேறு வழியில்லை. வளையம் நீளமாகச் சுழலும், வேகமான வேலைக்கு ஆகாது, ஆனால் ஒரு நூலளவு திருத்தம் செய்ய அந்த நீளம் வேண்டும். எஃப் 2இல் ஒரு மீட்டர் தூரத்தில் முகம் எடுத்தால் தெளிவாக இருக்கும் பகுதி இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லை, மூக்கு நுனியில் பிடித்தால் கண் போய்விடும். விளிம்புகளை வண்ணத்தில் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை முழுக்க நம்பாதீர்கள், எஃப் 2இல் இந்த லென்ஸின் மென்மையால் கண்ணிமை புருவம் எல்லாம் ஒன்றாக மின்னும். கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள். நான் ஒரு பட்டனை அதற்கென்றே ஒதுக்கிவிட்டேன்.

முதல் வாரம் நிறைய படம் வீணானது. இரண்டாவது வாரம் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். காலை ஏழரை மணி, எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம். இந்தப் பழைய லென்ஸ்களுக்கு அந்த மாதிரி சுற்றி வளைத்து வரும் ஒளி ரொம்பப் பொருந்தும். எஃப் 2.8 அளவில் வைத்து, கண்ணில் பெரிதாக்கி, மெதுவாகத் திருப்பினேன். கேமரா சத்தம் எதுவும் போடாமல் நான் வெறுமனே பார்த்துக்கொண்டே இருந்ததால் பாட்டி என்னை மறந்துவிட்டார். ஒரு காம்பை உருவும்போது உதடு லேசாகக் குவிந்த கணத்தில் எடுத்தேன். சுருக்கங்கள் ஒவ்வொன்றும் இருக்கின்றன, ஆனால் போன் படத்தில் வருகிற மாதிரி கத்தியால் கீறியது போல இல்லை. கன்னத்தில் வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போகும் இடம் அவ்வளவு மெதுவாக இறங்குகிறது. அந்தப் படத்தை 12க்கு 18 அளவில் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறோம்.

சரி, அந்தச் சுழல். இது எப்படி வருகிறது என்றால், படத்தின் நடுவில் இருக்கிற ஒளிப்புள்ளிகள் வட்டமாக விழும், ஓரத்துக்குப் போகப் போக லென்ஸின் குழாயே சாய்வாக வருகிற ஒளியில் ஒரு பகுதியை மறைப்பதால் அந்த வட்டங்கள் பூனைக்கண் மாதிரி நசுங்கி, நடுவைச் சுற்றி வரிசை கட்டும். அப்போது பின்னணி சுழல்வது போலத் தெரிகிறது. ஆக, சுழல் இருப்பது ஓரங்களில். ஏ6000இல் இருப்பது ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சார், பழைய ஃபிலிம் அளவே உள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பில் பாதிக்கும் குறைவு, அந்த ஓரங்களைத்தான் வெட்டி எறிகிறது. என் படங்களில் சுழல் லேசாக மூலைகளில் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். முழுசாக வேண்டுமென்றால் ஃபுல் ஃபிரேம் வேண்டும். அல்லது ஃபோகல் ரெட்யூசர் என்ற கண்ணாடி வைத்த அடாப்டர் போடலாம், ஆனால் அது லென்ஸின் விலையைத் தாண்டிவிடும். இருப்பதை வைத்து அதிகபட்சம் எடுக்க ஒரு வழி: ஆளை ஒன்றரை மீட்டரில் நிறுத்துங்கள், அவருக்குப் பின்னால் நான்கைந்து மீட்டரில் சின்னச் சின்ன இடைவெளியில் ஒளி ஊடுருவும் இலைகள் இருக்கட்டும், எஃப் 2லேயே எடுங்கள். புங்கமரம் அபாரம். வேம்பும் நன்றாக வரும். தென்னை வேண்டாம், ஓலைக் கோடுகள் ஒன்றோடொன்று மோதிக் கண்ணை உறுத்துகின்றன. எஃப் 4க்குப் போனால் சுழல் மறைந்துவிடும். ஏபிஎஸ்-சியில் 58 என்பது ஃபுல் ஃபிரேமில் 87 மி.மீ. லென்ஸ் மாதிரி வேலை செய்கிறது, அது முகங்களுக்கு அருமையான கோணம், எனக்கு அந்த லாபமே போதும்.

தெளிவைப் பொறுத்தவரை எஃப் 2இல் நடுப்பகுதி நன்றாகவே இருக்கிறது, ஓரங்கள் குழைவு. எஃப் 4இல் குறை சொல்ல எதுவும் இல்லை. 5.6, 8 என்று போனால், மகாமகக் குளத்தின் கரை மண்டபங்களை எடுத்தபோது தூண் சிற்பங்களின் விளிம்பு அவ்வளவு சுத்தமாக வந்தது. நிறங்கள் கொஞ்சம் அடக்கம், கான்ட்ராஸ்ட் குறைவு, எனக்கு அது வேண்டும். அரை மீட்டர் வரை கிட்டே போகலாம், பூக்கடையில் கதம்பம் கட்டும் விரல்களுக்கு அது போதும், ஜிமிக்கியை மட்டும் நிறைக்கப் போதாது.

பெரிய பலவீனம் எதிர்வெளிச்சம். ஹீலியோஸ் என்றால் கிரேக்க மொழியில் சூரியன், ஆனால் சூரியனை நேரே பார்த்தால் இந்த லென்ஸின் படம் முழுக்க வெள்ளைப் புகை படர்ந்த மாதிரி ஆகிவிடும். அதை விரும்பி எடுப்பவர்கள் உண்டு, மாலை நேரத்தில் தலைமுடியின் விளிம்பில் ஒளி வரும்போது அழகாகவும் இருக்கும். நடுப்பகலில் தாங்காது. 49 மி.மீ. ரப்பர் ஹுட் ஒன்று வாங்கி மாட்டுங்கள், அதைவிடப் பயனுள்ள செலவு இதில் கிடையாது.

அப்புறம் பாதுகாப்பு, நம் ஊர் ஈரத்தில் இது முக்கியம். தோல் உறையில் வைத்துப் பீரோவுக்குள் பூட்டுவதுதான் லென்ஸுக்குச் செய்யக்கூடிய மிகக் கெட்ட காரியம், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று, 40-50 சதவீதத்தில் நிற்கிறதா என்று வாரம் ஒரு பார்வை. ஜெல் நிறம் மாறினால் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம், ஆனால் நீல ஜெல்லைச் சமையல் சட்டியில் வறுக்காதீர்கள், அந்த நிறம் கோபால்ட் உப்பால் வருவது, அதற்கென்று தனிப் பாத்திரம் வேண்டும். ஃபங்கஸ் வந்த என் முதல் லென்ஸைத் தனி டப்பாவில்தான் வைத்திருக்கிறேன், நல்லதோடு சேர்ப்பதில்லை.

ஸ்டுடியோ ஐயாவை அவர் கடையிலேயே, அந்த லென்ஸாலேயே ஒரு படம் எடுத்துக்கொண்டுபோய்ப் பிரிண்ட் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். "எந்த ஸ்டாப்புல எடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். இந்த மாதிரி லென்ஸில் எடுத்த ஃபைலில் அபெர்ச்சர் பதிவாகாது, ஆனால் எனக்கு நினைவிருந்தது. "நாலு" என்றேன். "ரெண்டுல எடுத்திருந்தா காது போயிருக்கும்" என்றார். சரியாகச் சொன்னார்.

ஓடும் குழந்தைகளை எடுக்க வேண்டும், கல்யாண வேலை பிடிக்க வேண்டும் என்பவர்களுக்கு இது வேண்டாம், ஆட்டோஃபோகஸ் உள்ள ஒரு 50 மி.மீ. வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு மனிதர்கள், செடி, கடைத்தெரு, உட்கார்ந்த இடத்தில் வேலை செய்யும் கைகள் என்று எடுக்க விரும்புபவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். விலை ஆறாயிரத்தைத் தாண்டினால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள், அந்தக் காசுக்கு சூப்பர் டாகுமார் 55 மி.மீ. எஃப் 1.8 கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள், அதுவும் எம்42 தான், இதே அடாப்டரில் மாட்டலாம், உலோக வேலைப்பாடு இன்னும் ஒரு படி மேல். பக்கத்து ஊரில் ஒருவரிடம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டேன், ஞாயிற்றுக்கிழமை டார்ச்சோடு போகிறேன்.